கரடி எதற்கு, விறகு இருக்கிறதே!

கேள்வி: பதினைந்து பேர் ஊரை விட்டுப் போய், குளிர்ப் பிரதேசக் காடு ஒன்றில் கூட்டாக வாழ்வதாக நாவல் எழுதுகிறேன். முதல் குளிர்காலத்தோடு கதை நின்றுவிட்டது. ஒரு கரடியை உள்ளே விடலாமா?

பதில்: விடுங்கள், ஒரு அத்தியாயம் ஓடும். அப்புறம்? கரடி போய்விடும், பதினைந்து பேரும் அங்கேயேதான் இருப்பார்கள்.

என்னைக் கேட்டால் விறகை உள்ளே விடுவேன். அன்று வெட்டிய மரம் அந்தக் குளிருக்கு உதவாது. பச்சை விறகின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். பிளந்து அடுக்கி மாதக்கணக்கில் காயப்போட வேண்டும். இல்லாவிட்டால் அடுப்பில் சீறும், வெட்டுமுனையில் நுரை தள்ளும், குடிசை முழுக்கப் புகை மண்டும், சூடு மட்டும் வராது. கோடையெல்லாம் கோடரியைத் தொடாமல் சமத்துவம் பேசியவர் யார், இப்போது அடுப்போரம் படுத்திருப்பவர் யார்? ஜனவரியில் இந்தக் கேள்வி கிளம்பும் பாருங்கள்.

1843இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ப்ரான்சன் ஆல்காட்டும் நண்பர்களும் ஃப்ரூட்லேண்ட்ஸ் என்ற கூட்டுப் பண்ணையைத் தொடங்கினார்கள். கம்பளி ஆட்டுக்குச் சொந்தம், பருத்தி அடிமைகள் விளைவித்தது என்று இரண்டையும் ஒதுக்கி லினன் உடுத்தினார்கள். உயர்ந்த கொள்கைதான். ஆனால் பார்லி விளைந்து நின்றபோது ஆண்கள் சொற்பொழிவாற்றப் போய்விட்டார்கள். மழைக்கு முன்னால் கதிரை அள்ளிச் சேர்த்தவர்கள் ஆல்காட்டின் மனைவி அபிகெயிலும் பிள்ளைகளும். அடுத்த ஜனவரியில் பண்ணை காலி. அதை அங்கதமாக எழுதியது, அப்போது சிறுமியாக இருந்த மகள் லூயிசா.

இன்னொன்று. 'முயல் பிடித்துச் சமாளித்தார்கள்' என்று எழுதிவிடாதீர்கள். முயல் கறியில் கொழுப்பு மிகக் குறைவு. வாரக்கணக்கில் அதை மட்டும் தின்றால் எவ்வளவு தின்றாலும் பசி அடங்காது, பேதியும் தலைவலியும் சேர்ந்துகொள்ளும். அந்தச் சமயத்தில் ஒருவர் படுக்கைக்கு அடியில் ஒரு டப்பா பன்றிக்கொழுப்பு அகப்படட்டும். ஐம்பது பக்கம் தானாக நகரும்.

கேள்வி: இப்படி எழுத, நாமே அப்படி வாழ்ந்திருக்க வேண்டுமா?

பதில்: அமெரிக்க நாவலாசிரியர் நதானியேல் ஹாதார்ன் 1841இல் ப்ரூக் ஃபார்ம் என்ற கூட்டுப் பண்ணையில் சில மாதங்கள் சாணம் அள்ளினார். அங்கே எழுத முடியவில்லை என்று வெளியேறினார். அந்த அனுபவத்திலிருந்து நாவல் வந்தது 1852இல். நீங்கள் உங்கள் பதினைந்து பேருக்கும் பாத்திரம் கழுவும் முறை போட்டுப் பாருங்கள். முதலில் டிமிக்கி கொடுப்பவர்தான் உங்கள் கதாநாயகர்.