மூன்று மாத்திரையையும் ஒரே வாயில் போட என்ன அவசரம்?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. எலும்பின் அடர்த்தி குறைந்திருக்கிறது என்று ஒரு வருடத்துக்கு மேலாகக் கால்சியம் மாத்திரை (கால்சியம் கார்பனேட் 1250 மி.கி.) சாப்பிடுகிறார். அதனால் சிறுநீரகத்தில் கல் வரும், இதயத்துக்கும் ஆகாது என்று நண்பர் ஒருவர் பயமுறுத்துகிறார். நிறுத்திவிடலாமா? தைராய்டு மாத்திரையும் கேஸ் மாத்திரையும் (பான்டோப்ரசோல்) கூட உண்டு. தைராய்டு மாத்திரையை ஆறு மாதம் முன்பு 50 மைக்ரோகிராமிலிருந்து 75 ஆக்கினார்கள். அப்படியும் அசதி என்கிறார். நான் கவனமாகத்தான் இருக்கிறேன். காலையில் ஆபீஸ் கிளம்பும் முன், வெறும் வயிற்றில், மூன்றையும் அவர் கையில் கொடுத்து, விழுங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன்.

பதில்: தம்பி, கல், இதயம் எல்லாம் அப்புறம். உங்கள் கடைசி வரியிலேயே நான் நின்றுவிட்டேன். நீங்கள் பெருமையாக எழுதிய வரி அது. பிரச்சினையும் அதில்தான் இருக்கிறது.

அம்மாவின் உள்ளங்கையில் மூன்று மாத்திரைகள். அதில் பெரிதாக, வெள்ளையாக, தொண்டையில் இறங்க மறுக்கிறதே, அதுதான் கால்சியம். பக்கத்திலேயே பொட்டுப் போல இருக்கும் தைராய்டு மாத்திரையை அது குடலில் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் சேர விடாது. இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நீங்கள் நான்கு நிமிடம்கூடத் தரவில்லை. மருந்து உடம்பில் சரியாகச் சேராததால்தான் அளவைக் கூட்ட வேண்டி வந்திருக்கலாம். அசதிக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். மூன்றையும் சேர்த்துக் கொடுப்பதை டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் அளவைக் கூட்டும் முன் அவர் நேரத்தை மாற்றச் சொல்லியிருப்பார்.

கால்சியமாவது சேர்கிறதா என்றால் அதுவும் அரைகுறைதான். கார்பனேட் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், அதனால் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் சாப்பிட வேண்டும். நீங்களோ வெறும் வயிற்றில் கொடுக்கிறீர்கள், கூடவே அமிலத்தைக் குறைக்கும் கேஸ் மாத்திரையையும் கொடுக்கிறீர்கள்.

உங்களைத் திட்டுவது இதற்காகத்தான்: அம்மாவின் மருந்து நேரத்தை முடிவு செய்தது உங்கள் ஆபீஸ் நேரம். பெற்றவர்களைப் பார்த்துக்கொள்வது பிள்ளையின் கடமை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் வாசலில் வண்டிச் சாவியோடு நின்று செய்வதற்குப் பெயர் கடமை இல்லை. அதோடு, 61 வயது ஒரு வயதா? எந்த மாத்திரை எதற்கு என்று சொல்லிக் கொடுத்தால் அவரே வேளை பார்த்துச் சாப்பிடுவார். அவரிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொள்ள உங்களுக்கு என்ன உரிமை?

நாளையிலிருந்து இப்படி மாற்றுங்கள். எழுந்ததும் தண்ணீரோடு தைராய்டு மாத்திரை மட்டும். அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காலை உணவு. கால்சியம் இரவுச் சாப்பாட்டோடு. கேஸ் மாத்திரை தொடர்ந்து வேண்டுமென்றால், அமிலத்தை நம்பியிராத கால்சியம் சிட்ரேட்டுக்கு மாறலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அந்த கேஸ் மாத்திரையே இன்னும் தேவையா என்றும் கேளுங்கள். அதை வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களிடம் எலும்பு முறிவு சற்று அதிகமாகவே காணப்படுகிறது.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். இடைவெளி விட்டதும் தைராய்டு மருந்து முழுதாகச் சேர ஆரம்பிக்கும். அப்போது 75 அதிகமாகிவிடலாம். தைராய்டு மருந்து மிஞ்சினால் படபடப்பு வரும், எலும்பும் கரையும். எந்த எலும்புக்காக இவ்வளவு பாடுபடுகிறீர்களோ, அதே எலும்பு! அதனால் நேரத்தை மாற்றியதை டாக்டரிடம் சொல்லிவிட்டு, ஆறிலிருந்து எட்டு வாரத்தில், மருந்தின் அளவு சரியா என்று காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அளவை நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

சரி, நண்பர் சொன்னதற்கு வருகிறேன். கல் பற்றிய பயம் வெறும் வதந்தி இல்லை. 2006-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் 36,282 பெண்கள் கலந்துகொண்டார்கள். கால்சியமும் வைட்டமின் டி-யும் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகக் கல் 17 சதவீதம் அதிகமாக வந்தது. இதயம் பற்றிய ஆய்வுகள் ஒரே முடிவைச் சொல்லவில்லை. ஆகவே கணக்குப் பார்த்துக் கொடுங்கள். 50 வயது தாண்டிய பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1200 மி.கி. கால்சியம் போதும், அதுவும் சாப்பாட்டில் கிடைப்பதையும் சேர்த்து. உங்கள் மாத்திரையில் 1250 என்று இருப்பது கார்பனேட்டின் எடை, அதிலுள்ள கால்சியம் 500 மட்டுமே. ஒரே வேளையில் அதற்கு மேல் கொடுத்தால் உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது. சாப்பாட்டில் எவ்வளவு கிடைக்கிறது என்று பார்த்து, குறைவதை மட்டும் மாத்திரையால் நிரப்புங்கள். முன்பு எப்போதாவது அவருக்குக் கல் வந்திருந்தால் டாக்டரிடம் சொல்லாமல் ஒரு மாத்திரைகூடக் கொடுக்காதீர்கள். இல்லையென்றால், நண்பர் பேச்சைக் கேட்டு நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மூன்று அட்டைகளையும் எடுத்துக்கொண்டு அம்மாவையும் கூட்டிப் போங்கள். அசதி எப்படி இருக்கிறது, எந்த நேரத்தில் வருகிறது என்று அவரே சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.