எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் டாக்சோபிளாஸ்மாவும்: கேள்வி பதில்

கே: அண்ணனுக்கு எச்ஐவி, சிடி4 (எதிர்ப்புச் சக்தி தரும் வெள்ளணு) எண்ணிக்கை 70. டாக்சோ ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ். வீட்டுப் பூனையை எங்காவது விட்டுவிடச் சொல்கிறார்கள். விடணுமா டாக்டர்?

ப: வேண்டாம். டாக்சோ என்பது பூனைக் கழிவு, வேகாத கறி வழியே வரும் ஒட்டுண்ணிக் கிருமி. ரத்தத்தில் ஐஜிஜி பழைய தொற்றையும் ஐஜிஎம் புதிய தொற்றையும் காட்டும். ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ் என்றால் கிருமி என்றைக்கோ உள்ளே வந்துவிட்டது. மூளையிலும் தசையிலும் சிஸ்டாக (உறைக்குள் அடங்கி) உறங்கிக் கிடக்கும். சிடி4 100க்குக் கீழே போனால் விழித்துக்கொள்ளும். பூனையை விரட்டி அதை நிறுத்த முடியாது. காப்பது மாத்திரைதான்: தினம் ஒரு கோட்ரைமாக்சசோல் டிஎஸ் (இரட்டை அளவு மாத்திரை: டிரைமெத்தோபிரிம் 160, சல்ஃபாமெத்தாக்சசோல் 800 மி.கி.). நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையால் வரும் நிமோனியாவையும் அதுவே தடுக்கும். ஏஆர்டி (எச்ஐவி மருந்து) மையத்தில் சிடி4 350க்குக் கீழே இருந்தாலே இதைத் தருகிறார்கள். உடம்பு தேறிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கே: எனக்கு ஐஜிஜி நெகட்டிவ், சிடி4 90. பூனை வளர்க்கிறேன், மட்டனும் சாப்பிடுவேன்.

ப: கவனம் தேவைப்படுவது உங்களுக்குத்தான். பூனைக் கழிவிலுள்ள முட்டை தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். அதனால் மணல் தட்டை தினமும், முடிந்தால் வேறொருவர் சுத்தம் செய்யட்டும். பிளீச்சிங் பவுடர், டெட்டாலை நம்ப வேண்டாம், கொதிநீர் ஊற்றுங்கள். பூனைக்குப் பச்சைக் கறி போடாதீர்கள்.

எலும்பை ஒட்டிச் சிவப்பாக இருக்கும் கறி, தவாவில் அரைவேக்காடாகப் புரட்டிய ஈரல் இரண்டையும் தவிருங்கள். குழம்பில் நன்றாக வெந்த கறியால் பயமில்லை. பச்சைக் கறி வெட்டிய பலகையிலேயே வெள்ளரி நறுக்குவதுதான் பலர் கவனிக்காத இடம். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். குளோரின் இந்த முட்டையைக் கொல்லாது. 2004இல் கோயம்புத்தூரில் டாக்சோ கண்நோய் கூட்டமாக வந்தபோது சந்தேகம் விழுந்தது குடிநீர் மேல்தான்.

கே: அப்பாவுக்கு எச்ஐவி, ஒரு பக்கக் கைகால் இழுத்துக்கொண்டது. எம்ஆர்ஐயில் நாலைந்து வளையக் கட்டிகள். ஒருவர் டிபி என்கிறார், இன்னொருவர் டாக்சோ என்கிறார். மண்டையைத் திறந்துதான் பார்க்கணுமா?

ப: உடனே தேவையில்லை. நம் நாட்டில் டிபி கட்டி, நாடாப்புழு சிஸ்ட், லிம்போமா (ஒரு புற்றுநோய்) மூன்றும் ஸ்கேனில் இதே தோற்றம் காட்டும். சிடி4 100க்குக் கீழே, ஐஜிஜி பாசிட்டிவ், மூளையின் ஆழத்திலுள்ள பேசல் கேங்லியா பகுதியில் பல கட்டிகள் என்றால் டாக்சோ மருந்தைத் தொடங்கிப் பார்ப்பதே வழக்கம். இரண்டு வாரத்தில் பெரும்பாலோருக்கு முன்னேற்றம் தெரியும். தெரியாவிட்டால் பயாப்ஸி (கட்டியில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது). ஐஜிஜி நெகட்டிவாக இருந்தாலோ ஒரே கட்டி இருந்தாலோ சந்தேகத்தை வேறு பக்கம் திருப்ப வேண்டும்.

ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: டெக்ஸாமெத்தசோன் (வீக்கம் குறைக்கும் ஸ்டீராய்டு) கொடுக்கிறார்களா? மூளை வீக்கம் அழுத்தினால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். காரணமில்லாமல் கொடுத்தால் லிம்போமாவும் சற்றுச் சுருங்கும்; எந்த மருந்து கேட்டது என்பதே குழம்பிவிடும்.

கே: டாக்சோ மருந்தான பைரிமெத்தமின் எங்கள் ஊரில் கிடைக்கவில்லை சார்.

ப: கோட்ரைமாக்சசோலையே முழு அளவில் கொடுக்கலாம்: டிரைமெத்தோபிரிம் கிலோவுக்கு 5 மி.கி., காலையும் மாலையும். 60 கிலோ ஆளுக்கு வேளைக்கு இரண்டு டிஎஸ். குறைந்தது ஆறு வாரம். இந்த அளவில் பொட்டாசியம் ஏறும், ரத்த அணு குறையும். அடிக்கடி பரிசோதனை வேண்டும்.

பைரிமெத்தமின் கிடைத்தால் முதல் நாள் 200 மி.கி., பிறகு தினம் 50 (60 கிலோவுக்கு மேல் 75). கூடவே சல்ஃபாடயசின், எலும்பு மஜ்ஜையைக் காக்க லியூகோவோரின் 10 முதல் 25 மி.கி. லியூகோவோரினுக்குப் பதில் சாதாரண ஃபோலிக் ஆசிட் கொடுத்தால் வாங்காதீர்கள், அது எலும்பு மஜ்ஜையைக் காக்காது. சல்ஃபாடயசின் சிறுநீரில் படிகமாகும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்.

கே: கோட்ரைமாக்சசோல் போட்டதும் உடம்பெல்லாம் தடிப்பு. நிறுத்தலாமா?

ப: வாய்ப்புண், கொப்புளம், காய்ச்சல் சேர்ந்தால் அன்றே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், மறுபடி அந்த மருந்தைத் தொடவே கூடாது. வெறும் தடிப்பென்றால் டாக்டரிடம் காட்டுங்கள், சிலருக்குச் சிறு அளவில் தொடங்கிப் பழக்க முடியும். தடுப்புக்கு மாற்று டாப்சோன் 50 மி.கி. தினமும், வாரம் ஒருமுறை பைரிமெத்தமின் 50, லியூகோவோரின் 25. டாப்சோனுக்கு முன் ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் நொதி) பரிசோதனை கட்டாயம். குறைபாடு இருந்தால் சிவப்பணு உடையும்.

கே: தங்கைக்கு எச்ஐவி இல்லை, இதய மாற்று அறுவை சிகிச்சை ஆகப் போகிறது. இதெல்லாம் அவளுக்கும் பொருந்துமா?

ப: பொருந்தும். சிஸ்ட் இதயத் தசையிலும் தங்கும். இதயம் கொடுத்தவருக்கு ஐஜிஜி பாசிட்டிவ், வாங்குபவருக்கு நெகட்டிவ் என்றால் ஆபத்து மிக அதிகம். சிறுநீரகத்தில் அவ்வளவு இல்லை. இருவர் ரத்தத்தையும் அறுவைக்கு முன்பே சோதித்து, கோட்ரைமாக்சசோல் எத்தனை மாதம் என்பதை டீமிடம் எழுதி வாங்குங்கள்.