மேஸ்திரி சொன்னது சரிதான், சுவரின் தடிமனைப் பாருங்கள்

30க்கு 40 அடி மனையில் அத்தை வீட்டுக்கு, ஸ்வீட் ஹோம் த்ரீடி என்ற வீடு வரையும் மென்பொருளில் வரைந்த பிளானில் அறைகள் சுருங்குகின்றன, படிக்கட்டும் அடங்கவில்லை என்று மேஸ்திரி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குத் திறமை இல்லை என்று அர்த்தமில்லை. அந்த மென்பொருள் புதுச் சுவரைத் தானாக 7.5 செ.மீ. தடிமனில் போடும். நம் ஊரில் வெளிச்சுவர் 9 அங்குலம், அதாவது சுமார் 23 செ.மீ.; உள்சுவர் நாலரை அங்குலம். இரண்டு வெளிச்சுவருக்கே நீங்கள் வரைந்ததைவிட ஓர் அடி கூடுதலாகப் போய்விடும், பூச்சு தனி. மென்பொருளின் விருப்பத்தேர்வுகளில் இதை முதலில் மாற்றுங்கள்.

அப்புறம் படி. படி மாடலை இழுத்துப் போடாமல் கணக்குப் போடுங்கள். தளத்துக்குத் தளம் பத்தரை அடி என்றால் 126 அங்குலம். 7 அங்குல உயரத்தில் 18 படி. நடுவில் திரும்பும் படிக்கட்டானால் பக்கத்துக்கு 9. மிதி, அதாவது கால் வைக்கும் அகலம், 10 அங்குலம் வீதம் எட்டு மிதிக்கு (ஒன்பதாவது ஏற்றம் மேடைக்கே போய்விடும்) 6 அடி 8 அங்குலம், திரும்பும் மேடைக்கு 3 அடி. கிட்டத்தட்ட 10 அடி நீளம் ஒதுக்காமல் எந்த மென்பொருளாலும் படி வராது.

சோபா, திரைச்சீலை எல்லாம் கடைசியில். (வாடிக்கையாளருக்கு அதுதான் பிடிக்கும், அது வேறு விஷயம்.)

கம்பி, பீம், அஸ்திவாரத்தைக் கட்டமைப்புப் பொறியாளரிடம் விடுங்கள். இதையே தொழிலாகச் செய்தால், விசிட்டிங் கார்டில் 'ஆர்க்கிடெக்ட்' என்று போடாதீர்கள். இந்தியாவின் 1972 ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி பதிவு பெற்றவர்கள்தான் அப்படிப் போடலாம். 'வீட்டு வடிவமைப்பாளர்' போதும்.

திருத்திய பிளானைப் போடுங்கள், பார்க்கிறேன்.