ஃபுட்டியில் கடைசி ஆட்டம்: மூத்தவர்கள் விடைபெறுவது பற்றிக் கேள்வி பதில்

ஆகஸ்ட் பிறந்தால் மெல்பர்னில் குளிர் விடுவதற்கு முன்பே ஓய்வு அறிவிப்புகள் வர ஆரம்பித்துவிடும். ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தை, அதாவது இங்கே எல்லோரும் 'ஃபுட்டி' என்று சொல்வதை, பல வருஷமாக மாடி வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறவன் நான். மூத்த ஆட்டக்காரர்கள் கிளப்பை விட்டுப் போவதைப் பற்றி நண்பர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இதோ.

கேள்வி: அண்ணா, எனக்குக் கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். 300 ஆட்டம் ஆடினார் என்று ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்? டெண்டுல்கர் ஒருநாள் போட்டி மட்டுமே 463 ஆடினாரே?

சரி, கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏ.எஃப்.எல். என்ற முதல்தர ஃபுட்டி லீக்கின் ஒரு பருவத்தில் ஒரு அணிக்கு இறுதிச் சுற்றுகளைச் சேர்க்காமல் 22 அல்லது 23 ஆட்டம்தான். ஒன்றைக்கூடத் தவறவிடாமல் ஆடினாலும் 300-ஐத் தொட 13 வருஷத்துக்கு மேல் ஆகும். தவறவிடாமல் ஆடுவதுதான் முடியாத காரியம். கிரிக்கெட் மைதானத்திலேயே, பக்கத்துக்கு 18 பேராக இறங்கி ஆடுவது இது. நடுக்களத்தில் ஆடுகிறவர் ஒரு ஆட்டத்தில் 12 முதல் 15 கிலோமீட்டர் ஓடுவார். ஓடும்போதே பக்கவாட்டில் இருந்து ஆள் வந்து மோதும். ஹெல்மெட் கிடையாது, காப்புப் பட்டைகள் கிடையாது. முழங்கால், தோள்பட்டை, தொடைத்தசை என்று ஏதாவது ஒன்று போய்க்கொண்டே இருக்கும்.

400-ஐத் தொட்டவர்கள் 2024 வரை ஆறே பேர். ரிச்மண்டின் கெவின் பார்ட்லெட் (403), ஹாதார்னின் மைக்கேல் டக் (426), எஸெண்டனின் டஸ்டின் ஃபிளெட்சர் (சரியாக 400), நார்த் மெல்பர்னின் பிரெண்ட் ஹார்வி (432), போர்ட் அடிலெய்டிலும் ஹாதார்னிலுமாக 407 ஆடிய ஷான் பர்கோயின், 2024-இல் 400-வது ஆட்டம் ஆடிய காலிங்வுட்டின் ஸ்காட் பெண்டில்பரி. இதில் ஃபிளெட்சர் கதை எனக்குப் பிடித்தது. 1993-இல் பள்ளிக்கூட இறுதி வகுப்பு படித்துக்கொண்டே கோப்பைக்கான கடைசி ஆட்டமான கிராண்ட் ஃபைனல் ஆடி ஜெயித்தவர், 2015-இல் 40 வயதில் நிறுத்தினார். அவர் ஆட வந்த பிறகு பிறந்த பையன்களுக்கு எதிராகவும் ஆடிவிட்டார்.

கேள்வி: 2016-இல் நார்த் மெல்பர்ன் நாலு பேரை ஒரே நாளில் அனுப்பியது என்று என் அலுவலகத்தில் இன்னும் ஒருவர் பொருமுகிறார். அப்படி என்ன நடந்தது? கிளப் செய்தது சரியா?

உங்கள் அலுவலகக்காரர் நார்த் மெல்பர்ன் ரசிகராகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பருவத்தில் முதல் ஒன்பது ஆட்டத்தையும் அவர்கள் வரிசையாக ஜெயித்தார்கள். அப்புறம் சரிவு. ஜூலை கடைசியில் ஹார்வி, டக்கின் 426-ஐத் தாண்டி, 25 வருஷமாக நின்ற சாதனையை முறித்தார். ஊரே எழுந்து நின்று கைதட்டியது. நாலு வாரம்கூட ஆகவில்லை. கடைசிச் சுற்றுக்கு முன்னால் கிளப் அறிவித்தது: ஹார்வி, டுரூ பெட்ரி, நிக் டல் சாண்டோ, மைக்கேல் ஃபிரிட்டோ ஆகிய நால்வருக்கும் அடுத்த வருஷம் ஒப்பந்தம் இல்லை.

நாலு பேருடைய ஆட்டங்களையும் கூட்டினால் ஆயிரத்தைத் தாண்டும். ஹார்விக்கு 38 வயது, ஆனால் அணியில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தவர்களில் அவரும் ஒருவர். ஆட வேண்டும் என்ற ஆசையும் அவருக்கு இருந்தது. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இலையை எடுத்த மாதிரி. அணி எட்டாவது இடத்தில் இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தது, முதல் ஆட்டத்திலேயே அடிலெய்டில் போய்ப் படுதோல்வி. ஹார்வியின் 432-வது ஆட்டம் அப்படித்தான் முடிந்தது, சொந்த ஊரில்கூட இல்லை.

கிளப் செய்தது சரியா என்றால், கணக்குச் சரி, விதம் சரியில்லை என்பேன். ஒன்பது ஆட்டம் ஜெயித்துவிட்டுச் சரிகிற அணிக்கு வயதாகிவிட்டது என்று பயிற்சியாளருக்குத் தெரிந்திருக்கும். பருவம் முடிந்த பிறகு சொன்னால் ஆட்டக்காரருக்கு வழியனுப்பு ஆட்டமே இல்லாமல் போகும், அதனால் முன்கூட்டியே சொன்னோம் என்ற நியாயமும் உண்டு. கடைசி உள்ளூர் ஆட்டத்தில் நால்வருக்கும் ரசிகர்கள் விடைகொடுக்க முடிந்தது அதனால்தான். ஆனால் நாலு பேரையும் ஒரே மூச்சில் சொன்னபோது, யாருக்கும் தனி மரியாதை இல்லாமல் போனது. கடை மூடும்போது சரக்கைத் தள்ளிவிடுகிற மாதிரி இருந்தது என்று ரசிகர்கள் கோபப்பட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

கேள்வி: இவ்வளவு நல்ல ஆட்டக்காரருக்கு இன்னும் ஒரு வருஷம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

இடம் குறைந்துவிடும். ஒரு கிளப்பின் பட்டியலில் நாற்பது சொச்சம் பேருக்குத்தான் இடம். சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. ஒவ்வொரு நவம்பரிலும் டிராஃப்டில், அதாவது கிளப்புகள் வரிசைப்படி ஆள் எடுக்கும் தேர்வில், பதினெட்டு வயதுப் பையன்களைப் புதிதாக எடுத்தே ஆக வேண்டும். ஒருவன் உள்ளே வந்தால் ஒருவன் வெளியே. ஐரோப்பியக் கால்பந்து மாதிரி ஆளை விற்றுக் காசு பார்க்கவும் இங்கே வழியில்லை, ஆளுக்கு ஆள் அல்லது டிராஃப்ட் வரிசைக்கு ஆள் என்று மாற்றிக்கொள்வதுதான். 35 வயதுக்காரருக்கு யார் என்ன தருவார்கள்? அதனால் 'ஓய்வு பெறுகிறேன்' என்று அழகாக மேடையில் அறிவிக்கிறவர்களில் பலர், அதற்குச் சில நாள் முன்பு ஒரு சின்ன அறையில் பயிற்சியாளருக்கு எதிரே உட்கார்ந்து காபியை ஆறவிட்டவர்கள்தான்.

கேள்வி: கடைசி ஆட்டத்தில் தோளில் தூக்கிக்கொண்டு போகிறார்களே, அந்தச் சடங்கைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

ஆட்டத்துக்கு முன்பே தொடங்கிவிடும். ரசிகர் குழுவினர் வாரம் முழுக்க உட்கார்ந்து கிரேப் காகிதத்தில் ஒட்டி ஒட்டிப் பெரிய பேனர் செய்வார்கள். விடைபெறுகிறவர் பெயர், எண், ஆட்டக் கணக்கு எல்லாம் அதில் இருக்கும். அதை இரண்டு கம்பத்தில் தூக்கிப் பிடிப்பார்கள். காற்று அடித்தால் பத்துப் பேர் கயிற்றைப் பிடித்துத் தொங்குவார்கள். விடைபெறுகிறவர் பெரும்பாலும் தன் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அதைக் கிழித்து ஓடி வருவார். அத்தனை நாள் வேலை ஒரு நொடியில் கந்தல். ஒருமுறை வேலி ஓரத்தில் நின்றபோது, பேனர் செய்த பெண்மணி ஒருவர் கீழே கிடந்த மஞ்சள் துண்டு ஒன்றை எடுத்து மடித்துக் கைப்பையில் வைத்ததைப் பார்த்தேன். ஆட்டத்தின் ஸ்கோர் மறந்துவிட்டது, அது மறக்கவில்லை.

முடிந்ததும் இரண்டு அணியும் இரண்டு வரிசையாக நிற்கும். எதிரணியும் நிற்கும் என்பதுதான் இதில் அழகு. சக ஆட்டக்காரர் இருவர் தோளில் தூக்கிக்கொண்டு நடுவே நடப்பார்கள். 2020 கிராண்ட் ஃபைனலில் ஜீலாங்கின் கேரி ஆப்லெட் ஜூனியர் தன் 357-வது ஆட்டத்தை, தோளில் காயம் பட்டும் விடாமல் ஆடி முடித்தார். ரிச்மண்ட் கோப்பையை ஜெயித்த கையோடு, கொண்டாட்டத்தை நிறுத்திவிட்டு அவருக்கு வரிசையில் நின்றது.

அது போக, அந்த வருஷம் ஓய்வு பெற்றவர்கள் எல்லோரையும் கிராண்ட் ஃபைனல் நாளில் வண்டிகளில் ஏற்றி மெல்பர்ன் கிரிக்கெட் மைதானமான எம்.சி.ஜி.யைச் சுற்றி அழைத்துவருவதும் உண்டு.

கேள்வி: ஆடம் குட்ஸ் அந்த வண்டியில் ஏறவில்லை என்று படித்தேன். ஏன்?

ஏறவில்லை. சிட்னி ஸ்வான்ஸுக்கு 372 ஆட்டம், பருவத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கம் இரண்டு, 2014-இல் ஆஸ்திரேலியாவின் ஆண்டின் சிறந்த குடிமகன். ஆதிக்குடியைச் சேர்ந்தவர், இனவெறியைப் பற்றி வாயைத் திறந்து பேசியவர். 2015-இல் அவர் காலில் பந்து பட்டாலே மைதானம் மைதானமாகக் கூச்சலிட்டுக் கேலி செய்தார்கள். ஒரு வாரம் ஆடாமல் ஒதுங்கியும் இருந்தார். செப்டம்பரில் அரையிறுதியில் நார்த் மெல்பர்னிடம் தோற்ற இரவு, உடை மாற்றும் அறையில் சக ஆட்டக்காரர்களிடம் மட்டும் சொல்லிவிட்டு முடித்துக்கொண்டார். தன்னைப் பார்த்துக் கூச்சல் போட்ட கூட்டத்துக்குக் கையசைத்துக்கொண்டு அவர் ஏன் சுற்றிவர வேண்டும்? 2019-இல் ஏ.எஃப்.எல்.லும் கிளப்புகளும் அவரிடம் மன்னிப்புக் கேட்டன. நாலு வருஷம் தாமதம்.

கேள்வி: ஐயா, ஓய்வு பெற்ற பிறகு வேறு கிளப்புக்கு ஆடலாமா? அது துரோகம் ஆகாதா?

ஆடலாம். லூக் ஹாட்ஜ் 2017-இல் ஹாதார்னில் விடைபெற்றார், தோளில் தூக்கினார்கள், கண்ணீர் எல்லாம் ஆனது. அடுத்த வருஷம் பிரிஸ்பேன் சட்டையில் நிற்கிறார்! இளம் அணிக்கு வழிகாட்டிக்கொண்டு இரண்டு வருஷம் ஆடினார். மேலே சொன்ன பெட்ரியும் வெஸ்ட் கோஸ்டுக்குப் போய் ஒரு பருவம் ஆடினார். ஹாதார்னின் சாம் மிச்சலைக் கிளப்பே 2016 முடிவில் வெஸ்ட் கோஸ்டுக்கு அனுப்பியது, இப்போது அதே ஹாதார்னுக்கு அவர்தான் தலைமைப் பயிற்சியாளர். துரோகம் என்று யாரும் நினைப்பதில்லை. பிரிவுபசாரக் கேக்கைத் திருப்பிக் கேட்பார்களோ என்று கிண்டல் வேண்டுமானால் வரும்.

கேள்வி: என் மகன் சிறுவர்களுக்கான ஃபுட்டிப் பயிற்சியான ஆஸ்கிக் போகிறான். தலையில் அடிபட்டு ஓய்வு பெறுகிறவர்கள் கூடுகிறார்களே, பயமாக இருக்கிறது.

பயத்தில் அர்த்தம் இருக்கிறது. மெல்பர்ன் அணியின் ஆங்கஸ் பிரேஷா 28 வயதில், 2024 பிப்ரவரியில், மருத்துவர்கள் சொல்லி நிறுத்தினார். முந்தைய செப்டம்பரில் ஒரு மோதலில் நினைவிழந்ததுதான் அவருடைய கடைசி ஆட்டம். இன்னொன்று சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. 426 ஆட்டம் ஆடிய மைக்கேல் டக்கின் மகன் ஷேன் டக்கும் ரிச்மண்டுக்கு ஆடியவர். அவர் 2020-இல் இறந்த பிறகு மூளையைச் சோதித்தபோது, திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் மூளைச் சிதைவு நோய் கடுமையாக இருந்தது தெரியவந்தது. அப்பா இருபது பருவம் ஆடிப் பேரும் புகழுமாக முடித்த அதே ஆட்டம்தான்.

ஏ.எஃப்.எல்.லில் இப்போது தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டால் குறைந்தது 12 நாள் ஆடக்கூடாது என்ற விதி இருக்கிறது. சின்னப் பிள்ளைகளின் ஆஸ்கிக்கில் ஆளை மடக்கிப் பிடித்து வீழ்த்துவது கிடையாது, அங்கே போகட்டும். பதின்ம வயதில் தொடர்ந்து ஆடும்போது, அடிபட்டால் பையன் 'ஒன்றுமில்லை அம்மா' என்றாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பெண்கள் அணியில் மூத்தவர்கள் விடைபெறுவது எப்படி?

பெண்கள் லீக் தொடங்கியதே 2017-இல்தான், 300 என்ற பேச்சுக்கே இடமில்லை. எரின் ஃபிலிப்ஸ் கூடைப்பந்தில் அமெரிக்கத் தொழில்முறை லீக் வரை ஆடிவிட்டு முப்பது வயதுக்கு மேல் ஃபுட்டிக்கு வந்து, அடிலெய்டுடன் மூன்று முறை கோப்பை ஜெயித்து, அப்பா ஆடிய போர்ட் அடிலெய்டில் 2023-இல் முடித்தார். வாசல் திறக்கும்போதே மூத்தவராக இருந்த தலைமுறை அது.

கேள்வி: நீங்கள் பார்த்ததிலேயே மனதில் நின்ற முடிவு எது?

எல்லோரும் ஜோயல் செல்வுட்டைச் சொல்வார்கள். 2022 கிராண்ட் ஃபைனலில் ஜீலாங் கேப்டனாகக் கடைசிக் கால்பகுதியில் கோல் அடித்து, கோப்பையைத் தூக்கி, சில நாளில் ஓய்வு. 355 ஆட்டம். குறையே இல்லாத முடிவு.

எனக்கு நிற்பது பாப் மர்பி. வெஸ்டர்ன் புல்டாக்ஸ் 1954-க்குப் பிறகு கோப்பையையே பார்த்ததில்லை. 2016-இல் அவர் கேப்டன், ஏப்ரலில் முழங்கால் தசைநார் அறுந்தது. அணி அவர் இல்லாமலே கிராண்ட் ஃபைனல் வரை போய் ஜெயித்தது. மேடையில் பயிற்சியாளர் லூக் பெவரிட்ஜ் தன் கழுத்தில் இருந்த பயிற்சியாளர் பதக்கத்தைக் கழற்றினார், மர்பியை மேலே கூப்பிட்டு அவர் கழுத்தில் போட்டார். பார்த்துக்கொண்டிருந்த என் மனைவிக்கு விதியே தெரியாது, அவளும் அழுதாள். அந்தப் பதக்கத்தை மர்பி பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த வருஷம் திரும்பி வந்து ஆடி, 312 ஆட்டத்தோடு, தனக்கென்று ஒரு கோப்பைப் பதக்கம் இல்லாமலே முடித்தார். ஹாட்ஜ் ஹாதார்ன் சட்டையில் கடைசியாக ஆடிய அதே இரவு, அதே ஆட்டத்தில், எதிரணியில்.

நேதன் ஜோன்ஸ் கதையும் இதே ஜாதி. மெல்பர்ன் அணி தோற்றே கிடந்த காலத்தில் சுமந்தவர், 302 ஆட்டம். 2021-இல் அணி 57 வருஷத்துக்குப் பிறகு கோப்பை ஜெயித்தபோது அவர் ஆட்டம் நடந்த பெர்த்தில் இல்லை. இரட்டைப் பிள்ளைகள் பிறக்கிற நேரம், வீட்டுக்குத் திரும்பியிருந்தார்.

கேள்வி: போனவருடைய சட்டை எண்ணை அப்புறம் யாரும் போட மாட்டார்களா?

போடுவார்கள். அமெரிக்காவில் மாதிரி எண்ணுக்கே ஓய்வு கொடுக்கும் வழக்கம் இங்கே அபூர்வம். கார்ல்டன் கிளப்பில் 100 ஆட்டம் ஆடியவர் பெயர் அந்த எண்ணுக்கான லாக்கர் கதவில் ஏறும். எடி பெட்ஸ் 350-வது ஆட்டத்தோடு 2021-இல் முடித்தபோது ஊரடங்கு, அரங்கத்தில் ஒரு ரசிகர்கூட இல்லை. இரண்டு அணிகளும்தான் கைதட்டின. ஆனால் 19-ஆம் எண் லாக்கரில் அவர் பெயர் இருக்கிறது. அதைத் திறந்துதான் அடுத்த பையன் தன் பூட்ஸை வைப்பான்.