எங்களைப் பற்றி எங்களைவிட யாருக்குத் தெரியும்?
(வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: ஒரு தனியார் மருத்துவமனையில் மக்கள் தொடர்பு வேலை பார்க்கிறேன். எங்களைப் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரையில், எட்டு வருடத்துக்கு முந்தைய ஒரு வழக்கைப் பற்றி நான்கு வரி இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, புதிய இதய சிகிச்சைப் பிரிவையும் வாங்கிய விருதுகளையும் சேர்க்கச் சொன்னார் மேலாளர். சேர்த்தேன். ஒரு மணி நேரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. என் கணக்குக்கு எச்சரிக்கை வேறு. எங்களைப் பற்றி எங்களைவிட யாருக்குத் தெரியும்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: சொன்ன வேலையைச் செய்தீர்கள். உங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் உங்கள் மேலாளரிடம் யாராவது ஒருவர் இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். நாளைக் காலையில் அப்பாவை எந்த ஆஸ்பத்திரியில் சேர்ப்பது என்று ராத்திரி பதினோரு மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் தேடுகிறாரே, அந்தக் கட்டுரை அவருக்குச் சொந்தம். அவருக்கு இதயப் பிரிவு பற்றியும் தெரிய வேண்டும், அந்த நான்கு வரியும் தெரிய வேண்டும். எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது என்று அவருக்காக உங்கள் மருத்துவமனை முடிவு செய்ய முடியாது.

தமிழ் விக்கிப்பீடியர்கள் இதை ‘நலமுரண்’ என்பார்கள். நீங்கள் பொய் எழுதினீர்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. சம்பளம் தருபவரின் நலனும் படிப்பவரின் நலனும் ஒரே கையில் இருந்தால், கை தன்னையறியாமல் சம்பளம் தருகிற பக்கம் சாய்ந்துவிடும். ‘தலைசிறந்த’, ‘முன்னணி’, ‘அதிநவீன’ என்று மூன்று சொற்களையாவது நீங்கள் சேர்த்திருப்பீர்கள். எழுதும்போது அவை உங்களுக்கு உண்மையாகவே பட்டிருக்கும்.

‘எங்களைவிட யாருக்குத் தெரியும்’ என்கிறீர்கள். தெரியும்தான். ஆனால் படிப்பவர் அதைச் சரிபார்க்க வழி வேண்டுமே. 2012-ல் அமெரிக்க நாவலாசிரியர் பிலிப் ராத்துக்கு இதே சிக்கல் வந்தது. தன் நாவலின் நாயகன் எந்த நிஜ மனிதரிலிருந்து பிறந்தான் என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் தவறாக இருந்ததைத் திருத்தச் சொன்னார். எழுதியவர் சொல்வது மட்டும் போதாது, வேறு ஆதாரம் வேண்டும் என்று பதில் வந்தது. அவருக்குக் கோபம் வந்தது நியாயம்தான். அவர் நியூயார்க்கர் இதழின் இணையதளத்தில் விளக்கமாக ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். வெளிவந்ததும் அதுவே ஆதாரமானது, கட்டுரையிலும் அவர் தரப்பு ஏறியது. அவ்வளவு பெரிய எழுத்தாளருக்கும் அதுதான் வழி.

நீங்கள் செய்ய வேண்டியது இது. முதலில் உங்கள் பயனர் பக்கத்தில் ‘நான் இந்த மருத்துவமனையின் ஊழியர், இந்தத் திருத்தங்களை அவர்களுக்காகச் செய்கிறேன்’ என்று எழுதுங்கள். விரும்பினால் செய்யலாம் என்கிற மரியாதை விஷயமல்ல இது. பணம் பெற்றுத் தொகுப்பவர் யாருக்காகத் தொகுக்கிறார் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது 2014 ஜூன் முதல், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் பயன்பாட்டு விதி. பிறகு கட்டுரையைத் தொடாமல், மாற்றங்களைப் பற்றிப் பேசுவதற்கென்று இருக்கும் அதன் உரையாடல் பக்கத்தில் வேண்டுகோள் வையுங்கள்: இந்த வரி இப்படி இருக்கிறது, இப்படி மாற வேண்டும், ஆதாரம் இந்த நாளிதழின் இந்தத் தேதிச் செய்தி. உங்கள் இணையதளத்து வாசகங்களை அப்படியே ஒட்டாதீர்கள். அது காப்புரிமைச் சிக்கல், உடனே நீக்கிவிடுவார்கள். பதில் வர ஒரு வாரமோ ஒரு மாதமோ ஆகலாம். அங்கே இருப்பவர்கள் எல்லாரும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு உட்காருகிறவர்கள்.

அந்த வழக்கு என்ன ஆனது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. தீர்ப்பு உங்களுக்குச் சாதகமாக வந்திருந்தால், தீர்ப்புச் செய்தியை அங்கே கொண்டுபோய் வையுங்கள். ஐந்தாவது வரியாக அது சேரட்டும். நான்கு வரியை அழிப்பதைவிட அந்த ஐந்தாவது வரிதான் உங்கள் மருத்துவமனைக்கு மதிப்பு.

கேள்வி: மகனைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும். விக்கிப்பீடியாவில் பார்க்கிறேன். சம்பந்தப்பட்டவர்களே எழுதிக்கொண்டதா, மற்றவர்கள் எழுதியதா என்று கண்டுபிடிக்க முடியுமா?
– ஒரு தந்தை, திருக்கோவிலூர்

பதில்: முடியும். நூலகத்தில் 31 வருடம் வேலை பார்த்தவள் நான். எங்கள் நூல் சேர்க்கைப் பதிவேட்டில் அழிரப்பர் தொடக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். முதலில் என்ன இருந்தது, மாற்றியது யார் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரிய வேண்டும். விக்கிப்பீடியாவும் அப்படித்தான். கட்டுரையின் மேலே ‘வரலாறு’ என்று ஒரு இணைப்பு இருக்கும். அதை அழுத்தினால், கட்டுரை பிறந்த நாளிலிருந்து யார், எப்போது, எவ்வளவு மாற்றினார்கள் என்று வரிசையாக வரும். சேர்த்திருந்தால் பச்சை எண், நீக்கியிருந்தால் சிவப்பு எண்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் எனக்கு இன்னும் வலிக்கிறது. நூலகக் கணினியில் ஒரு அப்பாவுக்கு ஒரு கல்லூரியின் விக்கிப்பீடியா பக்கத்தை நானே தேடி, அச்செடுத்துக் கொடுத்தேன். மூன்று பக்கம், பக்கத்துக்கு இரண்டு ரூபாய். ‘நல்லாத்தான்மா போட்டிருக்கு’ என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். மகள் சேர்ந்தாள். அவள் படித்த படிப்புக்கு அங்கீகாரமே இல்லை என்று மூன்றாம் வருடம்தான் தெரிந்தது. அவர் திரும்பி வந்து என்னிடம் சண்டை போடவில்லை. அந்தத் தாளை மட்டும் மேஜைமேல் வைத்தார். அவர் போனபிறகு அந்தக் கட்டுரையின் வரலாற்றைத் திறந்தேன். நான் அச்செடுத்ததற்கு மூன்று வாரம் முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சிவப்பு எழுத்தில் நான்கு இலக்க எண். அங்கீகாரம் பற்றிய பத்தி முழுதாகப் போயிருந்தது. காரணம் எழுதும் இடத்தில் ‘எழுத்துப்பிழை திருத்தம்’ என்று இருந்தது. செய்த கணக்கு அந்த ஒரு கட்டுரையைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. அன்று இரவுதான் விக்கிப்பீடியாவில் கணக்குத் தொடங்கினேன்.

ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது: பெரிய சிவப்பு எண், அதற்குச் சம்பந்தமில்லாத சின்னக் காரணம், ஒரே கட்டுரையில் மட்டும் உழைக்கிற பயனர் பெயர். பெயர்மேல் அழுத்தி அவருடைய பங்களிப்புகளைப் பார்க்கலாம்.

இது பெரிய இடங்களிலும் நடந்ததுதான். 2005 நவம்பரில், வாக்குப்பதிவு இயந்திரம் தயாரித்த டீபோல்ட் என்ற அமெரிக்க நிறுவனத்தைப் பற்றிய கட்டுரையிலிருந்து 15 பத்திகள் காணாமல் போயின. அந்த இயந்திரங்களைக் குறைகூறும் பகுதி முழுவதும் போயிற்று. 2007-ல் வர்ஜில் கிரிஃபித் என்ற ஆய்வு மாணவர் ‘விக்கிஸ்கேனர்’ என்றொரு கருவி செய்தார். பெயர் இல்லாமல் செய்த திருத்தங்களின் ஐபி எண்கள் (இணைய இணைப்பின் அடையாள எண்கள்) எந்த நிறுவனத்துடையவை என்று அது காட்டியது. அந்த 15 பத்திகளை நீக்கிய எண் டீபோல்டின் அலுவலகத்துடையது.

கல்லூரி என்றீர்களே, நம் நாட்டிலேயே ஐஐபிஎம் என்ற மேலாண்மைக் கல்வி நிறுவனத்தின் விவகாரம் இருக்கிறது. நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் தந்த அந்த நிறுவனத்துக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) அங்கீகாரம் இருந்ததில்லை. எம்பிஏ, பிபிஏ என்ற சொற்களை அது பயன்படுத்தக் கூடாது என்று 2014 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. ஆங்கில விக்கிப்பீடியாவில் அதைப் பற்றிய பக்கங்களை, நிருவாகி அதிகாரமே பெற்றிருந்த ஒரு பயனர் வருடக்கணக்கில் ஒருபக்கச் சார்போடு தொகுத்துவந்தார். சக பயனர்கள் ஒவ்வொரு திருத்தமாக எடுத்து அடுக்கிக் காட்டிய பிறகு, 2015 பிப்ரவரியில் விக்கிப்பீடியாவின் நடுவர் குழு அவரைத் தடை செய்தது. இதனால் சுமார் 15,000 மாணவர்களின் வாழ்க்கை கெட்டிருக்கலாம் என்று, கேரியர்ஸ்360 என்ற கல்வி இதழை நிறுவிய மகேஷ்வர் பெரி கணித்துச் சொன்னார். எண்ணைப் பற்றி வாதிக்கலாம். என் மேஜைமேல் அந்தத் தாளை வைத்த அப்பா மாதிரி ஒருவர் இருந்தாலே எனக்கு அது அதிகம்.

உங்கள் மகன் விஷயத்தில், விக்கிப்பீடியாவோடு நிற்காதீர்கள். பொறியியல் என்றால் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) தளம், செவிலியர் படிப்பு என்றால் நர்சிங் கவுன்சில் பட்டியல், பட்டம் என்றால் யுஜிசி தளம். உங்கள் படிப்புக்கு உரியதில் பெயரைத் தேடிவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கேள்வி: என் கடை பற்றி விக்கிப்பீடியா கட்டுரை போட 35,000 ரூபாய் கேட்கிறார்கள். ‘நீக்கவே மாட்டார்கள், கேரண்டி’ என்கிறார்கள். கொடுக்கலாமா?
– ஒரு வணிகர், சேலம்

பதில்: கொடுக்காதீர்கள். அந்த கேரண்டியைத் தர உலகத்தில் யாராலும் முடியாது. 2015-ல் ஆங்கில விக்கிப்பீடியாவில் ‘ஆரஞ்ச்மூடி’ என்று பெயரிடப்பட்ட ஒரு கும்பலைப் பிடித்தார்கள். 381 போலிக் கணக்குகள் தடை, 210 கட்டுரைகள் நீக்கம். ஏற்கப்படாமல் போன கட்டுரை வரைவுகளைத் தேடிப் பிடித்து, அந்தச் சிறு வியாபாரிகளையே கூப்பிட்டு, பணம் கொடுத்தால் ஏற்றித் தருகிறோம் என்பார்கள். கொடுத்தபிறகு, கட்டுரையைக் காப்பாற்ற மாதாமாதம் பணம். ஏமாந்தவர்கள் உங்களைப் போல உழைத்து முன்னேறியவர்கள். உங்கள் கடையைப் பற்றி நாளிதழ்களோ புத்தகங்களோ விரிவாக எழுதியிருந்தால், ஒருநாள் யாராவது பணம் வாங்காமலே எழுதுவார்கள்.

கேள்வி: ஊருக்கு உபதேசம் சரி. விக்கிப்பீடியாக்காரர்கள் தங்களுக்கு வேண்டியதை எழுதிக்கொள்வதே இல்லையா?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: செய்திருக்கிறார்கள். நிறுவனர் ஜிம்மி வேல்ஸ் 2005-ல் தன்னைப் பற்றிய கட்டுரையில் தானே கைவைத்தார். லாரி சாங்கரை இணை நிறுவனர் என்று சொல்வதா வேண்டாமா என்பது விவகாரம். வரலாற்றுப் பக்கம் அவரையும் காட்டிக்கொடுத்தது, வருத்தம் தெரிவித்தார். 2012-ல் பிரிட்டனின் விக்கிமீடியா அமைப்பில் அறங்காவலராக இருந்த ஒருவர், ஜிப்ரால்டர் அரசுக்குக் கட்டண ஆலோசகராகவும் இருந்தார். ஒரே மாதத்தில் 17 முறை ஜிப்ரால்டர் பற்றிய துணுக்குகள் விக்கிப்பீடியாவின் முதல் பக்கத்தில் வந்தன. கேள்வி எழுந்தது, பதவி விலகினார். இரண்டையும் தோண்டி எடுத்தவர்கள் வெளியே சொல்லத் தயங்கவில்லை. அந்த இடத்தின்மேல் எனக்கு நம்பிக்கை வருவது அதனால்தான்.

கேள்வி: நான் படித்த, இப்போது ஆசிரியையாக இருக்கும் பள்ளியின் கட்டுரையில் தொடங்கிய ஆண்டு 1952 என்று இருக்கிறது. உண்மையில் 1925. இதைக்கூட நான் மாற்றக் கூடாதா?
– ஓர் ஆசிரியை, புதுக்கோட்டை

பதில்: இப்படி எண் இடம் மாறிய தவறுகளைத் திருத்துவதை யாரும் தடுப்பதில்லை. ஆனாலும் உரையாடல் பக்கத்தில் ‘நான் இங்கே ஆசிரியை’ என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். பள்ளிக்கு வைரவிழா மலரோ பவளவிழா மலரோ வந்திருந்தால், அதன் பக்க எண்ணைக் கொடுங்கள். இல்லையென்றால் அடிக்கல்லைப் படமெடுத்து, விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்துவைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றி, அதைச் சுட்டிக்காட்டுங்கள். கல்லைத் துணியால் துடைத்துவிட்டு, காலை வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது எடுங்கள். தேய்ந்த எழுத்தும் அப்போது எழுந்து தெரியும்.