ஆபீஸ் தரும் இலவச கவுன்சலிங்: போனால் மேனேஜருக்குத் தெரியுமா?

கேள்வி: எனக்கு 31 வயது. சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு பெரிய ஐ.டி. கம்பெனியில் வேலை. புது புராஜெக்டுக்கு மாறி நான்கு மாதமாகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனாலே நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, ராத்திரி தூக்கம் வருவதில்லை. ஈ.சி.ஜி. எடுத்தேன், நார்மல் என்றார்கள். கம்பெனியில் 'இ.ஏ.பி.' (ஊழியர் உதவித் திட்டம்) என்று ஒன்று இருக்கிறது; வருடத்துக்கு ஆறு கவுன்சலிங் செஷன் இலவசமாம். போனால் மேனேஜர் காதுக்கு எட்டி, அப்ரைசலில் அடி விழுமோ என்று பயமாக இருக்கிறது. வெளியே பார்க்கலாம் என்றால் ஒரு செஷனுக்கே ஆயிரத்துக்கு மேல் கேட்கிறார்கள். என்ன செய்யட்டும், டாக்டர்?

பதில்: முதலில் படபடப்பு. ஞாயிறு சாயங்காலம் வந்து, வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் விட்டுப்போகிறது என்றால், வேலையை ஒட்டிய பதற்றம் என்றுதான் நான் முதலில் நினைப்பேன். ஆனாலும் தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே போலத்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு எத்தனை காபி குடிக்கிறீர்கள் என்றும் எண்ணிப் பாருங்கள்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருவோம். இந்தக் கவுன்சலர்கள் பெரும்பாலும் உங்கள் கம்பெனியின் ஆட்கள் இல்லை. கம்பெனி பணம் கட்டி, வெளியே இருக்கிற ஒரு நிறுவனத்திடம் இந்த வேலையைக் கொடுத்திருக்கும். உங்கள் எம்ப்ளாயி நம்பரைக் கேட்பார்கள். நீங்கள் அந்தக் கம்பெனியில் இருக்கிறீர்களா என்று சரிபார்க்கத்தான் அது. ஹெச்.ஆருக்குப் போவது மொத்தக் கணக்கு: இந்த மூன்று மாதத்தில் இத்தனை பேர் பேசினார்கள், அதில் வேலை அழுத்தம் இத்தனை, குடும்பப் பிரச்சினை இத்தனை என்று. பெயர் இருக்காது. இருபது பேர் வேலை செய்கிற இடமாக இருந்தால் அந்தக் கணக்கை வைத்தே ஆளை ஊகித்துவிடலாம். உங்கள் கம்பெனி அளவுக்கு அந்தக் கவலை வேண்டாம். மனநல சிகிச்சை பெறுகிறவரின் விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவும் சொல்கிறது.

விதிவிலக்கு உண்டு. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்று கவுன்சலருக்குத் தோன்றினால், அல்லது கோர்ட் கேட்டால், ரகசியம் தளரும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. மேனேஜரே உங்களை அனுப்பிவைத்தால், நீங்கள் வந்தீர்களா இல்லையா என்ற தகவல், நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்புதலோடு, அவருக்குத் திரும்பிப் போகலாம். ஆகவே அவர் சொல்லும்வரை காத்திருக்காமல் நீங்களாகவே போய்விடுங்கள். ஆரம்பத்தில் நீட்டுகிற ஒப்புதல் படிவத்தில், யாருக்கு என்ன சொல்வார்கள் என்ற பத்தியை மட்டுமாவது படித்துவிட்டு 'சரி' கொடுங்கள்.

என் அனுபவத்தில் விஷயம் வெளியே கசிவது வேறு வழியில். என்னிடம் வந்த ஒரு இளைஞர், கவுன்சலிங் நேரத்தை ஆபீஸ் காலண்டரில் குறித்துவைத்திருந்தார். டீம் மீட்டிங்கில் ஸ்க்ரீன் ஷேர் பண்ணிக்கொண்டிருந்தபோது 'கவுன்சலிங், 4 மணி' என்று திரையின் ஓரத்தில் குதித்தது. பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். பாவம், மனிதர் அடுத்த செஷனுக்கே போகவில்லை. சொந்த போன், சொந்த மெயில், சொந்த நெட். ஆபீஸ் லேப்டாப் பக்கமே போகாதீர்கள். வீட்டில் தனியாகப் பேச இடமில்லை என்றால் மொட்டைமாடி, பூங்கா, நிறுத்திவைத்த கார் எதுவும் சரிதான். வெளியே டாக்டரைப் பார்த்துவிட்டு ஆபீஸில் பில் கொடுத்துப் பணம் வாங்கினால், அந்தப் பில்லிலேயே மனநல மருத்துவர் என்று அச்சாகியிருக்கும். இ.ஏ.பி.யில் பில்லே கிடையாது.

ஆறு செஷன் போதுமா? பதற்றத்துக்கு நல்ல பலன் தருகிற சி.பி.டி. என்ற சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) முழுதாகச் செய்தால் பத்து, பன்னிரண்டு செஷன்கூட ஓடும். ஆகவே கையில் இருக்கிற ஆறையும் சிக்கனமாகச் செலவழியுங்கள். பலர் சிறுவயதிலிருந்து ஆரம்பித்து மூன்று செஷனைக் கதை சொல்லியே தீர்த்துவிடுகிறார்கள். நீங்கள் முதல் அழைப்பிலேயே, "ஞாயிறு சாயங்காலம் படபடப்பு, தூக்கமில்லை, இது குறைய வேண்டும்" என்று ஒரே வரியில் சொல்லுங்கள். சி.பி.டி. தெரிந்த, தமிழில் பேசுகிற ஆள் வேண்டும் என்று கேளுங்கள். அழுகையும் கோபமும் வரும்போது ஆங்கிலத்தில் வாக்கியம் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஆறு என்பது வருடத்துக்கா, ஒரு பிரச்சினைக்கா, கணவரும் பெற்றோரும் பயன்படுத்தலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பல கம்பெனிகளில் குடும்பத்துக்கும் உண்டு. இரண்டு செஷனில் ஒட்டவில்லை என்றால் ஆளை மாற்றச் சொல்லலாம், தப்பே இல்லை. வீட்டுப்பாடம் எதுவும் தராமல் "பாசிட்டிவா இருங்க" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறவரிடம் நான் மூன்றாம் முறை போகமாட்டேன். வேலையை விடும் யோசனை இருந்தால் ராஜினாமாவுக்கு முன்பே ஆரம்பித்துவிடுங்கள். கடைசி வேலை நாளோடு இந்த வசதியும் பெரும்பாலும் முடிந்துவிடும்.

ராத்திரி பதினொரு மணிக்கு மீட்டிங் அழைப்பு போடுகிற கம்பெனியே, மன அமைதிக்கு ஆறு செஷனும் தருகிறது! அந்த வேடிக்கையைக் கவுன்சலரால் சரிசெய்ய முடியாது. ஆனால் எந்த அழைப்பை மறுக்கலாம், மேனேஜரிடம் அதை எப்படிச் சொல்லலாம் என்று அவரோடு ஒத்திகை பார்க்கலாம். ஒரு செஷனை முழுக்க இதற்கே ஒதுக்கினாலும் நஷ்டமில்லை.

கவுன்சலர் மாத்திரை எழுத மாட்டார். நாலைந்து செஷனுக்குப் பிறகும் தூக்கம் திரும்பவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, தூங்குவதற்காகக் குடிக்கத் தோன்றுகிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் இலவசமாகப் பார்க்கிறார்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு நொடி வந்தாலும் ஆறு செஷன் கணக்கையெல்லாம் விட்டுவிட்டு, உடனே 14416-க்குக் கூப்பிடுங்கள். 2022-ல் தொடங்கிய அரசின் டெலி மானஸ் சேவை அது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

இ.ஏ.பி.க்கு முதல் அழைப்பை மட்டும் ஞாயிறு சாயங்காலத்துக்கு வைக்காதீர்கள். படபடப்பில் பாதி வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடும். சனிக்கிழமை காலை, டிபன் முடிந்த கையோடு கூப்பிடுங்கள்.