மாவு மில்லின் வயது – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காரைக்குடிக்குத் தெற்கே எங்கள் ஊர். கடைத்தெருவில் பூட்டிக்கிடக்கும் பழைய ஹோட்டலையும் அதை ஒட்டிய மாவு மில்லையும் இடிக்கப்போகிறார்கள். வரலாற்றை எழுதிவைக்கலாம் என்றால் ஆளுக்கொரு காலம் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

சொ.

அன்புள்ள சொ.,

பத்திரம் எங்கேயும் ஓடிப்போகாது. இடித்தால் மில்லின் தரைதான் போய்விடும். முதலில் அதைக் கூட்டிப் பாருங்கள்.

தடித்த போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும் கனமான மேடை இருந்தால் அங்கே ஆயில் எஞ்சின் ஓடியிருக்கிறது. பக்கத்துச் சுவரில் புகைக்குழாய் போன ஓட்டையும் எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர்த் தொட்டி நின்ற திண்டும் இருக்கலாம். அந்தத் தொட்டிக்குப் பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலேறித் தொட்டிக்குப் போகும், ஆறியது அடிக்குழாய் வழியே எஞ்சினுக்குத் திரும்பும். மேல்குழாய்க்குக் கீழே தண்ணீர் இறங்கினால் சுற்று நின்று எஞ்சின் கொதித்துவிடும். கரண்ட் மோட்டாருக்கு இந்த ஏற்பாடெல்லாம் வேண்டாம். பெல்ட்டை இறுக்க மோட்டாரை நகர்த்தும் இரண்டு இரும்புச் சட்டம் போதும். இரண்டு தடமும் இருந்தால் கரண்ட் வருவதற்கு முன்பே மில் ஓடியது என்று உடனே எழுதிவிடாதீர்கள். கரண்ட் கட்டுக்காகப் பின்னால் எஞ்சின் வாங்கியவர்களும் உண்டு. எந்த மேடை தரையோடு சேர்த்துக் கட்டியது, எது தரையை உடைத்துப் போட்டது என்று பாருங்கள்.

எஞ்சின் மிஞ்சியிருந்தால் தகட்டைத் துடைத்துப் படியுங்கள். 6 குதிரைசக்தி, நிமிடத்துக்கு 650 சுற்று என்றால் அநேகமாக லிஸ்டர் வகை. அசல் இங்கிலாந்திலிருந்து வந்தது. அதே மாதிரியில் ராஜ்கோட்டில் செய்தவையும் ஏராளம். ஊர்ப்பெயரைப் பார்க்காமல் ‘சீமை எஞ்சின்’ என்று எழுதவேண்டாம். பெல்ட் ஓடும் சக்கரங்களான புல்லிகளின் விட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள். எஞ்சின் புல்லி 16 அங்குலம், அரவைப் புல்லி 12 என்றால் அரவை ஏறத்தாழ 867 சுற்று. அரவை எந்திரத்தின் தகட்டில் வேறு கணக்கு இருந்தால் எந்திரமோ புல்லியோ பின்னால் மாற்றியதாக இருக்கலாம்.

மூலையில் தேய்ந்த அரவைத் தட்டுகள் கிடந்தால் எடுத்துவையுங்கள். தானியம் தீர்ந்தபின் வெற்றாக ஓடவிட்டால் தட்டோடு தட்டு உரசி இரும்புத்தூள் மாவில் இறங்கும், தட்டும் சீக்கிரம் போகும். மிளகாய்க்குத் தனி எந்திரம் இருந்ததா என்றும் பாருங்கள். ஒரே எந்திரம் என்றால் மிளகாய்க்குப் பின் பலகார மாவு அரைக்க யார் வருவார்கள்?

ஹோட்டலில் வேலை சுலபம். விலைப்பலகை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. ‘ந.பை.’ (நயா பைசா) என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையில். கிலோ எடைக்கற்கள் 1958 அக்டோபருக்குப் பிறகு வந்தவை.

அப்புறம் ஆவணம். உங்கள் பக்கம் 1985 வரை ராமநாதபுரம் மாவட்டம், பழைய கோப்புகளை அந்தப் பெயரில் தேடுங்கள். வில்லங்கத்தில் வருவது மனை கைமாறிய தேதி, மில் ஓடத் தொடங்கியது அல்ல. அதற்கு எந்திரம் வைக்கப் பஞ்சாயத்து கொடுத்த லைசென்ஸ்தான் சாட்சி.

முதலாளி வீட்டாரிடம் கடைசியில் போங்கள். அதற்கு முன் பெல்ட் மாட்டியவரைத் தேடிப் பிடித்து, படிக்கு அரவைக்கூலி எவ்வளவு, கூலியைக் காசாக வாங்கினார்களா மாவாகப் பிடித்தார்களா என்று கேளுங்கள்.